பதினைந்து பின்னும் பத்தொன்பது பின்னும்

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு



மலருக்குக் கட்டுரை எழுதச் சொன்னபோது, "சிலபஸ்ல இருக்கறத எழுதாதப்பா, அதான் புத்தகத்துலயே இருக்குதே" என்று மலர்க்குழுவில் சொல்லிவிட்டார்கள். சரி, சிலபஸில் இல்லாமல் போனதால் நாம் பட்ட பாட்டையே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு புராஜெக்ட் செமினார் நாள் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். வெளியிலிருந்து தேர்வாளர் வந்து உட்கார்ந்தாயிற்று. முதல் குழுவின் லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. துளை மட்டும்தான். மேசையில் கிடந்ததோ புரொஜெக்டரிலிருந்து வரும் நீலத் தலை வி.ஜி.ஏ. கேபிள். நண்பன் ஒருவன் சைக்கிளில் பறந்துபோய் கடைவீதியில் ஒரு மாற்று ஒயர் வாங்கி வந்தான். சொருகினோம். படம் இல்லை. திருப்பிச் சொருகினோம், லேப்டாப்பை அணைத்துப் போட்டோம், புரொஜெக்டரை அணைத்துப் போட்டோம். இருபத்தைந்து நிமிடம் போயிற்று. கடைசியில் என் அக்கா வாங்கிய பழைய லேப்டாப் கை கொடுத்தது. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது அது. வி.ஜி.ஏ. துளை இருந்தது. படம் வந்தது, ஆனால் முழுக்க மஞ்சள். போதாக்குறைக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் நிழல்போல இன்னொரு எழுத்து. சர்க்யூட் படத்தில் ரெசிஸ்டர் எது, காயில் எது என்று தெரியவில்லை. அந்தக் குழு கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்து முடித்தது.

மார்க் கொஞ்சம் போனது, அது போகட்டும். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நாற்பது பேர் ஒரு கேபிளுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நாளைக்கு வேலைக்கோ சொந்தக் கடைக்கோ போனால் நம்மைத்தானே இதற்குக் கூப்பிடுவார்கள்? தேர்வு முடிந்ததும் அனுமதி வாங்கி, நாங்கள் நான்கு பேர் அந்தக் கேபிளை முழுக்க அவிழ்த்துப் பார்த்தோம். அதில் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

கம்பிக்குள் ஒரு புள்ளியின் நீளம்

வி.ஜி.ஏ. என்பது 1987-ல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பி.எஸ்./2 கணினிகளோடு கொண்டுவந்த ஏற்பாடு. மூன்று வரிசையில் பதினைந்து பின். 1, 2, 3 ஆகிய பின்களில் முறையே சிவப்பு, பச்சை, நீலம். 6, 7, 8 அவற்றின் கிரவுண்டு. 13-ல் வரித் துடிப்பு, 14-ல் பக்கத் துடிப்பு. ஒவ்வொரு நிறமும் 0-லிருந்து 0.7 வோல்ட் வரை. 0 என்றால் கருப்பு, 0.7 என்றால் அந்த நிறத்தின் முழு வெளிச்சம். நடுவில் எந்த வோல்டேஜும் இருக்கலாம். அதுதான் அனலாக்.

அன்றைக்கு எங்கள் திரை மஞ்சளானது ஏன் என்பதற்கு இதிலேயே விடை இருக்கிறது. வெள்ளையிலிருந்து நீலத்தை எடுத்தால் மஞ்சள். அப்படியானால் 3-ஆம் பின். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பின் மடங்கிப் படுத்திருந்தது. அவசரத்தில் யாரோ கோணலாக அழுத்தியிருக்கிறார்கள். இதேபோல் பச்சை போனால் படம் கத்தரிப்பூ கலந்த சிவப்பாகும், சிவப்பு போனால் நீலப்பச்சையாகும். மல்டிமீட்டர்கூட வேண்டாம், கண்ணே போதும்.

இனி நிழல் எழுத்து. அதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். அந்தப் புரொஜெக்டர் 1024-க்கு 768 புள்ளிகள் கொண்டது. ஆனால் ஒரு வரியில் 1024 புள்ளிக்கான நேரம் மட்டும் போதாது. கதிர் திரும்பிவர அந்தக்காலப் பிக்சர் டியூபுக்கு நேரம் விட வேண்டும் என்பதால், ஒரு வரிக்கு 1344 புள்ளி நேரம், ஒரு பக்கத்துக்கு 806 வரி என்று வைத்திருக்கிறார்கள். இரண்டையும் பெருக்கி, விநாடிக்கு 60 பக்கம் என்று கணக்கிட்டால் 65 மெகா ஹெர்ட்ஸ். அதாவது ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரம் 15.4 நானோ விநாடி. கேபிளில் சிக்னல் வெற்றிடத்து ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் போகிறது. நானோ விநாடிக்கு சுமார் 20 சென்டிமீட்டர். ஆகவே கம்பிக்குள் ஒரு புள்ளியின் நீளம் சுமார் 3 மீட்டர்! நம் செமினார் ஹாலின் 15 மீட்டர் கேபிளில் எந்த நேரமும் ஐந்து புள்ளிகள் வரிசையாக நடந்து போய்க்கொண்டிருக்கின்றன. எனக்கு இந்தக் கணக்குப் போட்ட அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

டிரான்ஸ்மிஷன் லைன் பாடம் ஞாபகம் இருக்கிறதா? லைனின் இம்பிடன்ஸும் லோடின் இம்பிடன்ஸும் ஒத்துப்போகாவிட்டால் சிக்னலின் ஒரு பங்கு மோதித் திரும்பும் என்று படித்தோமே, அதுதான் இங்கே நடக்கிறது. வி.ஜி.ஏ.வில் எல்லாம் 75 ஓம்: லேப்டாப்பில் 75, நல்ல கேபிளில் 75, புரொஜெக்டரில் 75. நடுவில் வேறு இம்பிடன்ஸ் உள்ள ஒரு துண்டு கேபிள் மாட்டிக்கொண்டால், அதன் இரண்டு முனையிலும் சிக்னல் மோதும். ஒருமுறை முன்னும் பின்னும் போய்வந்த பங்கு, நேரே போன படத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்து சேரும். திரையில் பிந்துவது என்றால் வலப்பக்கம் தள்ளி விழுவது. அதுதான் பேய்ப்படம்.

நாங்கள் ஸ்கேலை எடுத்துத் திரையில் அளந்தோம். 8 அடி அகலத் திரை, 1024 புள்ளி. ஒரு புள்ளிக்கு 2.4 மில்லிமீட்டர். நிழல் விழுந்தது சுமார் 15, 16 மில்லிமீட்டர் தள்ளி, அதாவது ஆறரைப் புள்ளி. ஆறரையை 15.4 நானோ விநாடியால் பெருக்கினால் 100. அது போகவர ஆகும் நேரம் என்பதால் ஒருவழிக்கு 50 நானோ விநாடி. தூரம் 10 மீட்டர். "எங்கியோ பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு சொத்தை ஒயர் இருக்கோணும்" என்றான் கூட இருந்தவன். ஜன்னல் ஓரப் பட்டையைக் கழற்றினோம். 5 மீட்டர் தடித்த கேபிள், ஒரு இணைப்பி, அதற்கப்புறம் 10 மீட்டர் மெல்லிய கேபிள். மெல்லியதைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தால் உள்ளே நிறத்துக்கு ஒரு கோ-ஆக்ஸியல் இல்லை, டெலிபோன் ஒயர் மாதிரி சாதாரணக் கம்பிகள். ஸ்கேலும் பென்சிலும் வைத்துச் சுவருக்குள் இருக்கும் கோளாறைக் கண்டுபிடித்த அந்த நிமிடத்தில் நாங்கள் போட்ட சத்தத்துக்கு வாட்ச்மேன் வந்துவிட்டார்.

அதே ஹாலில் இன்னொரு தப்பும் கிடைத்தது. மேசையில் ஒரு மானிட்டரிலும் படம் தெரியவேண்டும் என்று யாரோ ஒரு ஒய் கேபிள் போட்டிருந்தார்கள். இரண்டு 75 ஓம் பேரலலில் வந்தால் 37.5 ஓம். லேப்டாப்புக்குள் 1.4 வோல்ட் மூலமும் 75 ஓமும் சீரிஸில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சரியான லோடில் பாதி, அதாவது 0.7 வோல்ட் கிடைக்கும். 37.5 ஓமில் 0.47 வோல்ட்தான். வெளிச்சம் மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது. "புரொஜெக்டர் பல்பு வயசாயிருச்சு" என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். ஒய் கேபிளைக் கழற்றியதும் பல்புக்கு வயது குறைந்துவிட்டது. இரண்டு இடத்தில் படம் வேண்டுமென்றால் உள்ளே ஆம்ப்ளிஃபையர் உள்ள ஸ்ப்ளிட்டர்தான் போட வேண்டும்.

அனலாக்கின் இன்னொரு குறை கேபிளில் இல்லை, எல்.சி.டி.யில் இருக்கிறது. பிக்சர் டியூபுக்கு வோல்டேஜ் போதும். எல்.சி.டி.யோ எண்ணிக்கையில் வேலை செய்வது. கணினிக்குள் எண்ணாக இருப்பதை வோல்டேஜாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் வோல்டேஜை மறுபடி எண்ணாக மாற்ற வேண்டியிருக்கிறது. அதிலும் வி.ஜி.ஏ. கேபிளில் புள்ளிக்கான கிளாக் வருவதில்லை, வரித் துடிப்பு மட்டும்தான் வருகிறது. ஒரு வரியில் 1344 என்று மானிட்டரே பி.எல்.எல். வைத்துக் கிளாக் தயாரித்துக்கொள்கிறது. எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் திரையில் செங்குத்துப் பட்டைகளாக எழுத்து மங்கும். மானிட்டரில் 'ஆட்டோ' என்று ஒரு பொத்தான் இருப்பது இதைச் சரிசெய்யத்தான். படம் மங்கினால் முதலில் அதை அழுத்துங்கள், கேபிளை அப்புறம் திட்டலாம்.

டிஜிட்டல் பக்கம்

இரண்டுமுறை மாற்றுகிற இந்த வீண்வேலையைத் தவிர்க்கத்தான் 1999-ல் டி.வி.ஐ. வந்தது. அதே டி.எம்.டி.எஸ். முறையை எடுத்து, ஆடியோவையும் சேர்த்து, சின்னத் தலையாக்கி 2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. வெளியானது. ஹிட்டாச்சி, சோனி, பிலிப்ஸ், தோஷிபா முதலிய ஏழு கம்பெனிகள் சேர்ந்து உருவாக்கியது. 2006-ல் டிஸ்ப்ளேபோர்ட் தனியாக வந்தது. 2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவா, சாம்சங், எல்.ஜி. சேர்ந்து வி.ஜி.ஏ.வைக் கைவிடப் போவதாக அறிவித்தன. புது லேப்டாப்பில் நீலத் துளை இல்லாத காரணம் அதுதான்.

எச்.டி.எம்.ஐ.யில் 19 பின். மூன்று ஜோடிக் கம்பியில் நிறங்கள், நான்காவது ஜோடியில் கிளாக். மானிட்டர் ஊகிக்க வேண்டியதில்லை, கிளாக்கே கூட வருகிறது. ஒவ்வொரு நிறத்தின் 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்புகிறார்கள். 1920-க்கு 1080 படத்துக்கு ஒரு வரிக்கு 2200 புள்ளி நேரம், 1125 வரி, 60 பக்கம். புள்ளி வேகம் 148.5 மெகா ஹெர்ட்ஸ். பத்தால் பெருக்கினால் ஒரு ஜோடியில் விநாடிக்கு 1.485 ஜிகா பிட். பழைய கணக்கையே போட்டுப் பார்த்தால், கம்பிக்குள் ஒரு பிட்டின் நீளம் சுமார் பதிமூன்றரை சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை! வி.ஜி.ஏ. புள்ளி 3 மீட்டர் என்று பார்த்தோமே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு குறுகிய துடிப்பு மெல்லிய கம்பியில் நீண்ட தூரம் போனால் கரைந்துதானே போகும்?

ஆனால் ஒரு வசதி. வாங்குகிற முனை கேட்பது ஒரே கேள்விதான்: ஒன்றா, சைபரா? துடிப்பு பாதி தேய்ந்திருந்தாலும் ஒன்று ஒன்றுதான். ஆகவே ஓரளவு வரை கேபிள் மோசமானாலும் படத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. தங்கமுலாம் பூசிய கேபிளில் கலர் நன்றாக வரும் என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். பிட் சரியாக வந்தால் இரண்டு கேபிளிலும் படம் அச்சு அசல் ஒன்றே. முலாம் துருப்பிடிக்காமல் இருக்க உதவும், அவ்வளவுதான்.

அந்த அளவைத் தாண்டினால் கதை வேறு. முதலில் திரையில் மத்தாப்பூப் பொறிபோல வெள்ளைப் புள்ளிகள் அங்கங்கே மின்னும். டி.எம்.டி.எஸ். முறையில் படத்தின் பிட்டுகளுக்குப் பிழைதிருத்தம் கிடையாது, தவறிய பிட் அப்படியே பொறியாகத் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் மோசமானால் விட்டு விட்டு இருட்டு. அப்புறம் ஒன்றுமே இல்லை. நன்றாக இருக்கும் படத்துக்கும் இல்லாத படத்துக்கும் நடுவே இரண்டு மீட்டர் கேபிள்தான் வித்தியாசம்.

என் மாமா அந்தியூரில் இருபத்தைந்து வருடமாக டி.வி. ரிப்பேர் பார்க்கிறவர். இந்தக் கணக்கையெல்லாம் அவரிடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்பெல்லாம் படமே சொல்லிப்போடும் கண்ணு, எங்க கோளாறுன்னு. கோடு விழுந்தா ஒண்ணு, கலரு போனா ஒண்ணு, படம் சுருங்குனா ஒண்ணு. இப்ப என்ன கேட்டாலும் 'நோ சிக்னல்'னு ஒரே பேச்சுத்தான்."

"அப்ப டிஜிட்டல் வேண்டாங்கறீங்களா மாமா?"

"வேண்டாம்னு ஆரு சொன்னா? படம் கண்ணாடியாட்ட இருக்குது. அது வாயத் தொறக்கலீன்னா நாமதான் கேள்வி கேக்கோணும்ங்கறேன்."

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அனலாக் தன் நோயைத் தானே சொல்கிறது. டிஜிட்டலிடம் நாம்தான் விசாரிக்க வேண்டும். எப்படி விசாரிப்பது?

ஊமைக் கேபிளை விசாரிப்பது

எச்.டி.எம்.ஐ.யில் படம் வராததற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. கேபிளில் துடிப்பு தேய்ந்திருக்கும். இல்லையேல் இரண்டு கருவிக்கும் பேச்சுவார்த்தை முறிந்திருக்கும். பிரித்தறிய எளிய வழி, ரெசல்யூஷனைக் குறைப்பது. 1080-லிருந்து 720-க்கு இறக்கினால் புள்ளி வேகம் 148.5-லிருந்து சரிபாதியாக 74.25 மெகா ஹெர்ட்ஸ் ஆகிறது. பிட்டின் நீளம் இரண்டு மடங்காகிறது. படம் வந்துவிட்டால் குற்றவாளி கேபிள்தான். நீளத்தைக் குறையுங்கள் அல்லது தடித்த கேபிள் போடுங்கள். 720-லும் வரவில்லை என்றால் பேச்சுவார்த்தையைப் பாருங்கள்.

அதென்ன பேச்சுவார்த்தை? நம் ஊர் வழக்கத்தில் சொன்னால் ஜாதகம் பார்ப்பது. லேப்டாப் 18-ஆம் பின்னில் 5 வோல்ட் கொடுக்கிறது. மானிட்டர் 19-ஆம் பின் வழியாக 'நான் இருக்கிறேன்' என்கிறது. உடனே லேப்டாப் 15, 16 பின்களில் மானிட்டரின் ஜாதகத்தை வாங்கிப் படிக்கிறது. எந்த ரெசல்யூஷன் முடியும், ஆடியோ உண்டா என்பதெல்லாம் 128 பைட்டுகளாகவும் அதன் தொடர்ச்சியாகவும் எழுதியிருக்கும். இதற்குப் பெயர் இ.டி.ஐ.டி. ஜாதகம் கிடைக்காவிட்டால் சில கருவிகள் படமே அனுப்பாது, சில குறைந்த ரெசல்யூஷனில் அனுப்பும். மானிட்டரை முதலில் போட்டுவிட்டு லேப்டாப்பைப் பிறகு இணைத்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். இதுபோக எச்.டி.சி.பி. என்று ஒரு பூட்டு. லேப்டாப்பின் டெஸ்க்டாப் தெரிகிறது, ஆனால் காசு கட்டிய சினிமா மட்டும் இருட்டாக இருக்கிறது என்றால் இந்தப் பூட்டுதான். அதற்குக் கேபிளை மாற்றிப் பிரயோசனமில்லை.

இப்போது அன்றைக்கு வாங்கிய மாற்று ஒயருக்கு வருவோம். ஒரு பக்கம் 19 பின், மறுபக்கம் 15 பின், நடுவில் வெறும் ஒயர். வெட்டிப் பார்த்துவிட்டோம், உள்ளே ஒரு ஐ.சி.கூட இல்லை. எச்.டி.எம்.ஐ.யில் வருவது பிட், வி.ஜி.ஏ.வுக்கு வேண்டியது வோல்டேஜ். நடுவில் டிஜிட்டல்-அனலாக் மாற்றி இல்லாமல் எந்த ஜென்மத்திலும் படம் வராது. உண்மையான மாற்றியில் ஒரு சின்ன டப்பாவோ தடித்த தலையோ இருக்கும், அந்த ஐ.சி.க்கு மின்சாரம் அதே 18-ஆம் பின்னிலிருந்து வரும். சிலவற்றுக்கு யு.எஸ்.பி. வழியாகத் தனியாகக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றுவதைத் தலைகீழாகப் போட்டால் வேலை செய்யாது. அதற்கு வேறு மாற்றி. பழைய ஆட்கள் "டி.வி.ஐ.லேர்ந்து வி.ஜி.ஏ.வுக்கு வெறும் பிளக்கே போதுமே" என்பார்கள். அவர்கள் சொல்வதும் நிஜம்தான். டி.வி.ஐ.-ஐ என்ற வகைத் துளையில் டிஜிட்டலோடு அனலாக் பின்களும் சேர்ந்தே இருந்தன, பிளக் அவற்றை வெளியே எடுத்துக் கொடுத்தது. எச்.டி.எம்.ஐ.யில் அந்தப் பின்களே கிடையாது.

வீட்டு டி.வி.யில் ஒரு மீட்டர் அனலாக்

செமினார் ஹாலை விட்டு வீட்டுக்கு வருவோம். 2006-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் 14 அங்குலப் பெட்டி எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் இன்னும் ஓடுகிறது. 2017-ல் அரசு கேபிள் டி.வி. நிறுவனம் டிஜிட்டல் செட்-டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியபோது, "டிஜிட்டல் வந்துருச்சு, ஆனா படம் என்னமோ அப்படியேதான் இருக்குது" என்றார் பக்கத்து வீட்டு ஆயா. அவர் சொன்னதில் தப்பில்லை. தெருக் கம்பத்திலிருந்து பாக்ஸ் வரைதான் டிஜிட்டல். பாக்ஸிலிருந்து டி.வி.க்குப் போகும் மஞ்சள் ஒயர் சுத்தமான அனலாக், காம்போசிட் வீடியோ. புள்ளி புள்ளியாக மழை பெய்வது நின்றது, அது டிஜிட்டல் கொடுத்த லாபம். கலர் மங்கல் நிற்கவில்லை, அது கடைசி ஒரு மீட்டர் ஒயர் செய்வது.

காம்போசிட்டில் வெளிச்சம், கலர், துடிப்பு எல்லாவற்றையும் ஒரே கம்பியில் திணிக்கிறார்கள். பி.ஏ.எல். முறையில் கலரை 4.43 மெகா ஹெர்ட்ஸ் கேரியரில் ஏற்றி, வெளிச்சத்தின் மேல்பகுதியிலேயே உட்கார வைக்கிறார்கள். படத்தில் நெருக்கமான கோடுகள் வந்தால் அதன் அதிர்வெண் அந்த 4.43-க்குப் பக்கத்தில் போய்விடும். டி.வி. அதைக் கலர் என்று நம்பிவிடும். கல்யாண வீடியோவில் பவானி ஜமக்காளத்தைக் கொஞ்சம் தூரத்திலிருந்து எடுத்த காட்சியைப் பழைய டி.வி.யில் போட்டுப் பாருங்கள். கோடுகளின் மேல் இல்லாத வானவில் ஊர்ந்துபோகும். நெய்தவர் போடாத கலரை டி.வி. போட்டுவிடுகிறது.

புதிதாக 32 அங்குல எல்.இ.டி. டி.வி. வாங்கியும், பாக்ஸோடு வந்த மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஒயரையே சொருகி வைத்திருக்கிற வீடுகள் நிறைய. பாக்ஸின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் மாற்றிப் போடுங்கள். சாதாரண சேனலில் வரிகள் அதே 576 தான், கூடாது. ஆனால் கலர் ஒழுகுவதும் வானவில்லும் ஒயரில் உண்டாகாது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் இதைச் செய்து கொடுங்கள், காப்பி நிச்சயம்.

மண்டபத்தில் பந்தி வரை

டிஜிட்டல்தான் எப்போதும் உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் மேலே மேடை, கீழே பந்தி. முகூர்த்தம் பந்தியில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று வீடியோக்காரர்கள் கேமராவிலிருந்து 40 மீட்டர் கோ-ஆக்ஸியல் ஒயர் இழுத்து டி.வி. வைத்தார்கள். காம்போசிட்டில் 5 மெகா ஹெர்ட்ஸ் அளவுதான் சிக்னல், 40 மீட்டர் அதற்கு ஒன்றுமே இல்லை. விடுமுறையில் நான் ஒரு வீடியோக்காரரோடு வேலைக்குப் போனபோது, புதுக் கேமராவுக்கு என்று எச்.டி.எம்.ஐ. ஒயர்கள் மூன்றை இணைப்பி போட்டு நீட்டி அதே தூரம் இழுத்தார்கள். ஜாதகம் பொருந்தியது, படம் வரவில்லை. சோற்றுக்கு நடுவில் பெரியவர்கள் நீலத் திரையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். கடைசியில் பழைய மஞ்சள் ஒயர்தான் மானத்தைக் காப்பாற்றியது.

இதற்குச் சரியான டிஜிட்டல் வழி ஒன்று இருக்கிறது. டி.வி. நிலையங்களில் பயன்படுத்தும் எஸ்.டி.ஐ. அதில் எச்.டி. படத்தின் வேகம் விநாடிக்கு 1.485 ஜிகா பிட். மேலே எச்.டி.எம்.ஐ.யின் ஒரு ஜோடிக்குப் பார்த்த அதே எண்! ஆனாலும் நல்ல கோ-ஆக்ஸியலில் சுமார் 100 மீட்டர் போகிறது. ஒரே வேகம், எப்படி இவ்வளவு தூர வித்தியாசம்? அங்கே தடித்த ஒற்றைக் கம்பி, 75 ஓம் முழு நீளமும் மாறாமல் இருக்கிறது. வாங்கும் முனையில் கேபிள் தின்ற உயர் அதிர்வெண்ணைத் திருப்பிச் சேர்க்கும் ஈக்வலைசர் உண்டு. எச்.டி.எம்.ஐ.யில் மெல்லிய ஜோடிகள் நான்கு, நான்கும் ஒரே நேரத்தில் வந்துசேர வேண்டும் என்ற நிபந்தனை வேறு. எஸ்.டி.ஐ. ஒருவழிப் பாதை என்பதால் ஜாதகமும் இல்லை, பூட்டும் இல்லை. லாக் ஆகும் பி.என்.சி. தலை, கால் தட்டினாலும் கழலாது. கேமராவில் எஸ்.டி.ஐ. துளை இல்லையென்றால் மாற்றி போடலாம். அல்லது எச்.டி.பேஸ்-டி முறைப் பெட்டி ஜோடி ஒன்று வாங்கி லேன் ஒயரிலேயே 1080 படத்தை 100 மீட்டர் வரை அனுப்பலாம். ஒயர்தான் லேன், உள்ளே போவது நெட்வொர்க் இல்லை. அதைக் கொண்டுபோய் ஸ்விட்ச்சில் சொருகிவிட்டுப் படம் வரவில்லை என்று அழக்கூடாது.

நம் ஹாலுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மெல்லிய 10 மீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, முழு 15 மீட்டருக்கும் நிறத்துக்கு ஒரு கோ-ஆக்ஸியல் உள்ள வி.ஜி.ஏ. கேபிள் ஒரே துண்டாக. 3-ஆம் பின்னை மூக்கு இடுக்கியால் நிமிர்த்திவிட்டோம், ஒடியாமல் நின்றது. மேசையில் ஐ.சி. உள்ள எச்.டி.எம்.ஐ.-வி.ஜி.ஏ. மாற்றி ஒன்றைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறது. புரொஜெக்டர் 1024-க்கு 768 தான் என்பதால் இதற்கு மேல் செலவு செய்வதில் அர்த்தமில்லை என்பது என் எண்ணம். புதுப் புரொஜெக்டர் வரும் நாளில் எச்.டி.எம்.ஐ. இழுக்க வேண்டியதுதான். அப்போது 15 மீட்டர் என்பது எல்லையை ஒட்டிய தூரம் என்பதை மறக்காமல், வாங்குவதற்கு முன்பே 1080-ல் ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

கடைசியாக ஒரு சாமான். 15 பின் பிளக் ஒன்றில் 1-க்கும் 6-க்கும், 2-க்கும் 7-க்கும், 3-க்கும் 8-க்கும் குறுக்கே 75 ஓம் ரெசிஸ்டர் மூன்றை சால்டர் வைத்திருக்கிறோம். இதை லேப்டாப்பில் சொருகினால் மானிட்டர் மாட்டியதாகப் பல லேப்டாப்புகள் நினைத்துக்கொள்ளும். திரையை முழு வெள்ளையாக வைத்து, லேபில் இருக்கும் 20 மெகா ஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ.வை ரெசிஸ்டருக்குக் குறுக்கே கொடுங்கள். 1024-க்கு 768-ல் வரி வேகம் 48.4 கிலோ ஹெர்ட்ஸ். ஒவ்வொரு வரிக்கும் ஒரு 0.7 வோல்ட் மேடு தெரியும். மூன்று நிறத்திலும் மேடு சரியாக இருந்தால் லேப்டாப் நல்லது, கோளாறு அதற்கப்பால். எச்.டி.எம்.ஐ.யை இப்படி நம் சி.ஆர்.ஓ.வில் பார்க்க முடியாது, அதற்குச் சில ஜிகா ஹெர்ட்ஸ் கருவி வேண்டும். பிளக் எலக்ட்ரானிக்ஸ் லேப் அலமாரியில் இரண்டாவது தட்டில், தீப்பெட்டிக்குள் இருக்கிறது. எடுத்தவர்கள் திரும்ப அதே இடத்தில் வையுங்கள்.